நாலு சென்ட் மனையில் காற்றாடி நிறுத்தலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கமாக எடுத்துக்கொள்கிறேன். நாகர்கோவிலில் ராஜாக்கமங்கலம் சாலைப் பக்கம் நாலு சென்ட் மனை, அதில் மாடி வீடு, இரண்டு பக்கமும் அடுத்தவர்களுடைய தென்னை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிற்கும் தூணில் மின்சாரம் எடுக்கும் 1 கிலோவாட் செங்குத்துக் காற்றாடி (நிமிர்ந்து நிற்கும் அச்சைச் சுற்றும் வகை) ஒன்றைப் பொருத்தலாம் என்று விற்பவர் சொல்கிறார். அதன் அளவு 1 மீட்டர் அகலம், 1.2 மீட்டர் உயரம். மனையில் எந்த மூலை சரி, எவ்வளவு உயரம் வேண்டும், பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவு வருமா என்று கேட்கிறீர்கள். மனைவி வீட்டாருக்கு ஆரல்வாய்மொழி அருகே வெட்டவெளியாக அரை ஏக்கரும், அதில் ஒரு கிணறும் ஓட்டு வீடும் இருப்பதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்தக் கடைசி வரிதான்.

நாலு சென்ட் வீட்டில் வேண்டாம். எந்த மூலையில் வைத்தாலும் பலன் இருக்காது, ஆபத்து மட்டும் இருக்கும். ஏன் என்று விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் இதே கேள்வி நிறைய பேருக்கு வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தலில் நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றுவதைப் பேருந்தில் போகும்போதெல்லாம் பார்க்கிறோம்; நம் வீட்டிலும் ஒன்று சுற்றட்டுமே என்று தோன்றுவது இயல்பு.

முதலில் அந்த 1 கிலோவாட் கணக்கைப் பார்த்துவிடலாம். காற்றில் இருக்கும் சக்தி அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு; வேகம் பாதியானால் சக்தி எட்டில் ஒரு பங்கு. அதோடு, இறக்கைகள் மறைக்கும் பரப்பளவு எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் காற்றைப் பிடிக்க முடியும். உங்கள் காற்றாடி மறைக்கும் பரப்பு 1.2 சதுர மீட்டர். விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில், அதாவது குடையைப் பிடித்து நிறுத்த முடியாத காற்றில், அந்தப் பரப்பின் வழியே போகும் மொத்த சக்தியே ஏறத்தாழ 1,200 வாட்தான். அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இயந்திரத்தாலும் எடுக்க முடியாது என்பது ஆல்பர்ட் பெட்ஸ் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பே நிறுவிய எல்லை. அப்படியென்றால், உலகிலேயே மிகச் சிறந்த வடிவமைப்பாக இருந்தாலும் உச்சம் 710 வாட் அளவில் நின்றுவிடும். சிறிய செங்குத்துக் காற்றாடிகள் நடைமுறையில் எடுப்பது 20 சதவீதத்தை ஒட்டித்தான். அதாவது 240 வாட். 1 கிலோவாட் என்பது உள்ளே இருக்கும் ஜெனரேட்டரின் அளவாக இருக்கலாம், காற்று தரக்கூடிய அளவு அல்ல.

இது பலத்த காற்றுக்கான கணக்கு. வீடுகளுக்கு நடுவே மொட்டை மாடியில் விநாடிக்கு 4 மீட்டர் காற்று கிடைத்தாலே நல்ல நாள். அந்த வேகத்தில் இதே காற்றாடி தருவது 9 வாட். ஒரு எல்.இ.டி. பல்ப் எரியும். பல இயந்திரங்கள் 3 மீட்டர் வேகம் வரும்வரை மின்சாரமே தராது. சும்மா சுற்றிக்கொண்டிருக்கும், பார்ப்பவருக்கு ஓடுவதுபோலத் தெரியும்.

சரி, முப்பந்தலில் மட்டும் எப்படி? தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதுகிறது. மகேந்திரகிரி 1,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. அந்தச் சுவரைத் தாண்ட முடியாத காற்று தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாயில் இடைவெளி கண்டு நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, செங்கோட்டைக் கணவாய்களுக்கும் இதே கதைதான். நாகர்கோவில் அந்த வாய்க்கு வெளியே, மேற்குப் பக்கம் இருக்கிறது. பதினைந்து கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் கணவாயின் நெருக்கம் இங்கே கிடையாது. தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் போனால் ரப்பரும் தென்னையும் பலாவும் மேடுபள்ளமும் சேர்ந்து தரையை ஒட்டிய காற்றை இன்னும் தளர்த்திவிடுகின்றன. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. முப்பந்தலின் பழைய 225 கிலோவாட் இயந்திரங்களுக்கே கோபுரம் 30 மீட்டர் அளவில் இருக்கும். வெட்டவெளியில், கணவாயில் நிற்கிற இயந்திரத்துக்கே அவ்வளவு உயரம் தேவைப்படுகிறது.

உயரம்தான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஒரு தடையைத் தாண்டி வரும் காற்று குழம்பிச் சுழன்றுதான் வருகிறது. அந்தக் குழப்பம் தடையின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு உயரம் வரைக்கும், காற்று போகும் திசையில் இருபது மடங்கு தூரம் வரைக்கும் நீடிக்கும். உங்கள் பக்கத்துத் தென்னை 50 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பின்னால் ஆயிரம் அடி தூரத்துக்குக் காற்று கலங்கியிருக்கும். மொட்டை மாடியின் விளிம்பில் மோதி மேலேறும் காற்றும் அப்படித்தான்: முகத்தில் அடிப்பதுபோல வேகமாக உணர்வீர்கள், ஆனால் அது நொடிக்கு நொடி திசை மாறும். செங்குத்துக் காற்றாடி எந்தத் திசைக் காற்றையும் பிடிக்கும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் கலங்கிய காற்றில் சராசரி வேகமே குறைவு. வேகம் குறைந்தால் மேலே சொன்ன மும்மடிக் கணக்கு வந்து நிற்கும். போதாததற்கு, ஒவ்வொரு சுழலும் இறக்கையை வெவ்வேறு பக்கம் திருகி இழுப்பதால் பேரிங்கும் இணைப்புகளும் சீக்கிரம் தேய்ந்துபோகும்.

அதனால் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கடைப்பிடிக்கும் விதி ஒன்று உண்டு. சுற்றுவட்டத்தில் 500 அடிக்குள் இருக்கும் எந்த மரத்தையும் கட்டடத்தையும்விட, இறக்கையின் கீழ்முனை குறைந்தது 30 அடி உயரத்தில் இருக்க வேண்டும். 50 அடித் தென்னைக்கு நடுவே அது 80 அடிக் கோபுரம். தென்னையோ இன்னும் வளரும்.

இப்போது மனைக்கு வாருங்கள். நாலு சென்ட் என்பது 1,742 சதுர அடி. கோபுரம் எப்போதாவது விழுந்தால் உங்கள் நிலத்துக்குள்ளேயே விழ வேண்டும் என்பது நான் விட்டுக்கொடுக்கவே மாட்டாத நிபந்தனை. 80 அடிக் கோபுரம் விழக்கூடிய வட்டத்தின் பரப்பு 46 சென்ட். சரி, விழாதபடி ஸ்டே கம்பி இழுத்துக் கட்டலாம் என்றால், கம்பியின் நங்கூரம் கோபுரத்தின் அடியிலிருந்து உயரத்தில் பாதி தூரமாவது தள்ளி இருக்க வேண்டும். 40 அடி ஆரம். அந்த வட்டத்துக்கே பதினோரு சென்ட்டுக்கு மேல் வேண்டும். உங்கள் மனையில் சுவருக்கும் மதிலுக்கும் நடுவே இருக்கும் சந்தில் இதெல்லாம் நடக்கிற காரியம் இல்லை. ஸ்டே கம்பியே இல்லாத தனிக் கோபுரம் நிறுத்தலாம். ஆனால் அதன் அடித்தளக் குழி உங்கள் வீட்டு அஸ்திவாரத்தை ஒட்டி ஆழமாகப் போகும், செலவு காற்றாடியைப்போலப் பல மடங்கு ஆகும், விழும் வட்டமும் மாறாது. தெருவில் போகும் மின்கம்பி வேறு இருக்கிறது.

தண்ணீர்த் தொட்டித் தூண் யோசனை எனக்குக் கவலையைத் தருகிறது. அந்தத் தூண் மேலிருந்து கீழே அழுத்தும் எடையைத் தாங்கக் கட்டியது. ஆயிரம் லிட்டர் தொட்டி என்றால் ஒரு டன். பக்கவாட்டில் தள்ளும் விசைக்கு, அதுவும் நாள் முழுதும் ஆட்டிக்கொண்டே இருக்கும் விசைக்கு, யாரும் அதைக் கட்டுவதில்லை. நம் பகுதிக்குக் கட்டட வடிவமைப்பில் எடுத்துக்கொள்ளும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 39 மீட்டர், மணிக்கு 140 கிலோமீட்டர். அந்தக் காற்று 1.2 சதுர மீட்டர் பரப்பைத் தள்ளும் விசை நூறு கிலோவுக்கு மேல். குழாயின் உச்சியில் அந்த விசை விழும்போது அடியில் இருக்கும் செங்கல்லும் போல்ட்டும் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். அச்சு தரைக்கு இணையாக இருக்கும் சிறிய படுக்கை அச்சுக் காற்றாடிக்கு வால் உண்டு. காற்று மிஞ்சினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். செங்குத்து வகைக்குத் திரும்பிக்கொள்ள வழி இல்லை, முழுப் பரப்பையும் காட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். இதெல்லாம் என்றைக்கோ ஒருநாள் வருவதற்கா என்று கேட்கலாம். 2017 நவம்பர் 30-ஐ இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஒக்கி புயலில் ரப்பரும் வாழையும் மட்டுமா சாய்ந்தன? மின்கம்பங்களே ஆயிரக்கணக்கில் விழுந்தன.

சத்தத்தைப் பற்றிக் கேட்டீர்கள். குடியிருப்புப் பகுதியில் இரவு 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளில் உள்ள வரம்பு. காற்றில் வரும் இரைச்சலைவிட கான்கிரீட் வழியாக இறங்கும் அதிர்வுதான் பெரிய தொல்லை. காந்த ஜெனரேட்டரின் முனகல் குழாயில் இறங்கி, தூணில் இறங்கி, தளம் முழுக்கப் பரவும். ஆடி மாதத்தில் இரவெல்லாம் ஓடினால் கீழே படுத்திருப்பவர்களுக்குத் தூக்கம் போகும். சந்துக்கு அப்பால் அடுத்த வீட்டுப் படுக்கையறைக்கும் கேட்கும். ரப்பர் பட்டை வைத்தால் குறையும், நிற்காது. தளத்தில் போல்ட் அடித்த இடத்தில் நாளடைவில் விரிசல் விட்டு மழைநீர் இறங்குவது தனிக் கதை.

பிரிட்டனில் வாரிக் என்ற இடத்தை மையமாக வைத்து, கட்டடங்களின் மேல் பொருத்திய 26 சிறு காற்றாடிகளை ஓராண்டு அளந்து பார்த்தார்கள். அறிக்கை 2009-ல் வந்தது. ஓடாமல் நின்ற நாட்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது, சராசரியாகத் தங்கள் பெயர்ப்பலகைத் திறனில், அதாவது இயந்திரத்தின் மேல் எழுதியிருக்கும் கிலோவாட்டில், ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே அவை தந்தன. சத்தத்துக்காகச் சிலவற்றை நிறுத்தியே வைத்திருந்தார்கள். ஒரு சதவீதம் என்றால் 1 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுதும் தருவது 88 யூனிட். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் நமக்கு இலவசமாகவே வருகிறது.

அதே மொட்டை மாடியில் சோலார் போட்டால் என்ன கிடைக்கும்? 1 கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம், நாளுக்குச் சராசரி 4 யூனிட், ஆண்டுக்கு 1,400 யூனிட் போல. வீட்டுக் கூரை சோலாருக்காக மத்திய அரசு 2024-ல் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. காற்றாடிக்கு அதில் இடமில்லை. நாகர்கோவில் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரி வடக்கே இருப்பதால் பலகையைத் தெற்குப் பார்த்து எட்டு, பத்து டிகிரி சாய்த்தால் போதும். சாய்வு குறைந்தால் காற்றும் குறைவாகவே தூக்கும். நம் ஊருக்கு அது பெரிய வசதி. தாங்கும் சட்டத்தை மட்டும் வெறும் கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்தாமல், தளத்தோடு முறையாகப் பிணைத்து, நீர்க்கசிவுப் பூச்சும் போடச் சொல்லுங்கள். பலகை மேல் தென்னை ஓலையோ தேங்காயோ விழாத இடமாகப் பாருங்கள்.

நாலு சென்ட் வீட்டுக்கு இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. ஆரல்வாய்மொழி நிலத்துக்கு வருவோம், அங்கேதான் எனக்கு ஆசை பிறக்கிறது.

காற்றுக்கும் வெயிலுக்கும் நம் மாவட்டத்தில் ஒரு நல்ல பொருத்தம் உண்டு. ஆனி, ஆடியில் மேகம் மூடிச் சாரல் அடிக்கும்போது சோலார் தளர்கிறது. அதே நாட்களில்தான் கணவாய்க் காற்று பேய்போல அடிக்கிறது. மாசி, பங்குனியில் காற்று சோர்ந்தால் வெயில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இரண்டுமே சுணங்கும், அதை ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். ஆகவே அங்கே காற்றாடியும் சோலாரும் சேர்ந்த அமைப்புக்கு நியாயம் இருக்கிறது. ஒரு நிபந்தனை: அந்த ஓட்டு வீட்டில் யாராவது குடியிருக்க வேண்டும், அல்லது கிணற்று மோட்டாருக்கு மின்சாரம் தேவைப்பட வேண்டும். அங்கே விளையும் சில யூனிட்டுகளை நாகர்கோவில் வீட்டுக்குக் கொண்டுவர உங்களுக்கு வழி இல்லை. கம்பெனிகள் தங்கள் காற்றாலை மின்சாரத்தை அரசின் மின்பாதை வழியே வேறிடத்துக்குக் கொண்டுபோவதுபோல வீட்டுக்காரர் செய்ய முடியாது. பேட்டரியும் ஆடிக் காற்றை மார்கழி வரைக்கும் வைத்திருக்காது. ஓடுகிற நாளில் பயன்படுத்தும் வேலை ஒன்று அங்கேயே வேண்டும். மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுவது அதற்கு மிகவும் ஏற்ற வேலை. தண்ணீரைச் சேர்த்து வைப்பது பேட்டரியைவிட மலிவு.

வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். ஜூலையில் ஒருநாள் நின்று பார்த்துவிட்டு மயங்கிப் பணத்தைக் கொடுப்பவர்கள்தான் அதிகம். காற்றுமானி ஒன்றைக் குழாயின் உச்சியில் கட்டி, பதிவு செய்யும் கருவியோடு ஆண்டு முழுதும் விடுவதே சரி. குறைந்தபட்சம் காற்றுக்காலத்தில் சில வாரமும் பிப்ரவரி, மார்ச்சில் சில வாரமும் வேண்டும். 3 மீட்டர் விட்டமுள்ள படுக்கை அச்சுக் காற்றாடி, கோபுர உயரத்தில் ஆண்டுச் சராசரி விநாடிக்கு 5 மீட்டர் கிடைத்தால் ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவில் தரும். சராசரி 4 மீட்டர்தான் என்றால் அது பாதியாகிவிடும். பக்கத்து நிலத்தில், உங்களுக்கு மேற்கே, பெரிய காற்றாலை நிற்கிறதா என்றும் பாருங்கள். அதன் பின்னால் வரும் காற்று கலங்கிப்போய்த்தான் வரும்.

அரை ஏக்கர் சதுரமாக இருந்தால் பக்கம் 147 அடி. நடுவில் 60 அடிக் கோபுரம் நிறுத்தினால் விழுந்தாலும் எல்லைக்குள் விழும். அந்த ஓட்டு வீடு மட்டும் விழும் வட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும், அல்லது கோபுரம் அதற்கேற்ப நகர வேண்டும். நான் பரிந்துரைப்பது, அடியில் கீல் வைத்துச் சாய்த்து இறக்கும் இரும்புக் குழாய்க் கோபுரம். நாலு பக்கம் ஸ்டே கம்பி, ஒவ்வொன்றுக்கும் கான்கிரீட் நங்கூரம், தூக்க ஒரு துணைக்கம்பமும் கை வின்ச்சும். யாரும் மேலே ஏற வேண்டியதில்லை, பழுது பார்க்கத் தரையில் படுக்க வைக்கலாம். புயல் எச்சரிக்கை வந்தால் முதல்நாளே இறக்கிவிடலாம். இந்த வசதிக்காகவே இதை விரும்புகிறேன். இரும்பு, உருக்கிய சூடான துத்தநாகத்தில் முக்கி எடுத்த வகையாக இருக்கட்டும், வெறும் பெயிண்ட் அடித்தது வேண்டாம். கோபுரத்துக்கும் ஒவ்வொரு நங்கூரத்துக்கும் தனித்தனி எர்த் போடுங்கள். ஐப்பசி இடி எங்கே இறங்கும் என்று சொல்ல முடியாது.

மின்சாரப் பக்கம் 24 வோல்ட்டைவிட 48 வோல்ட் மேல். அதே 1 கிலோவாட்டுக்கு 42 ஆம்பியர் 21 ஆகக் குறையும். ஒரே கம்பியில் இழப்பு நாலில் ஒரு பங்காகும். சோலாரில் இல்லாத ஒரு விஷயத்தை இங்கே எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும்: ஓடிக்கொண்டிருக்கும் காற்றாடியை பேட்டரியிலிருந்து கழற்றவே கூடாது. மின்சாரத்தை இழுக்கும் சுமை போனால் இறக்கை கட்டுக்கடங்காமல் சுற்றி உடையும். பேட்டரி நிறைந்தால் மிச்ச மின்சாரத்தைச் சூடாக எரித்துத் தீர்க்கும் சுமை ஒன்றை கன்ட்ரோலரோடு சேர்த்தே வாங்குங்கள். ஜெனரேட்டரின் மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைத்து நிறுத்தும் பிரேக் சுவிட்ச் கை எட்டும் இடத்தில் இருக்கட்டும், காற்று ஏறுவதற்கு முன்னால் அதைப் போடுவது நல்லது.

விற்பவரிடம் கேட்க வேண்டியது பெயர்ப்பலகை வாட் கணக்கு அல்ல. இறக்கையின் விட்டம் எத்தனை மீட்டர், விநாடிக்கு 5 மீட்டர் காற்றில் எத்தனை வாட், எந்தச் சோதனை நிலையத்தில் அளந்தார்கள் என்று கேளுங்கள். சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசிய காற்றாற்றல் நிறுவனத்துக்குக் கயத்தாற்றில் சோதனை நிலையம் உண்டு. நம்மிடமிருந்து இரண்டு மணி நேரப் பயணம். சிறு காற்றாடிகளுக்கான ஐ.இ.சி. 61400-2 என்ற சர்வதேசத் தரத்தின்படி சோதித்த தாளைக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். கோபுரம் நிறுத்த உள்ளாட்சியில் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள். உயரழுத்த மின்பாதை நிலத்தை ஒட்டிப் போகிறதா என்பதை அப்போதே வரைபடத்தில் குறித்துக் கொடுங்கள். ஆரல்வாய்மொழி சுற்றுவட்டத்தில் அந்தப் பாதைகள் நிறைய.

மாமனாரிடம் இரண்டு விவரம் கேட்டு எழுதுங்கள்: கிணற்று மோட்டார் எத்தனை குதிரைத்திறன், நிலத்தின் மேற்கு எல்லைக்கு அப்பால் என்ன நிற்கிறது. அது தெரிந்தால் இறக்கை விட்டமும் கோபுரம் நிற்க வேண்டிய இடமும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.